ரிப்பன் கட்டிய ஜெனரேட்டர்

செம்பகபுரம் கிராமத்தில் உத்காடனம் ஆகாத பொருளை யாரும் தொடக்கூடாது. பாலக்காட்டில் கிராமம் என்றால் வயலும் வரப்பும் இல்லை. எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள், ஒரு கோடியில் கோயில், மறுகோடியில் சமூக ஹால், அவ்வளவுதான். மற்ற ஊர்த் தமிழர்கள் திறப்பு விழா என்று சொல்வதை இந்த ஊர்த் தமிழர்கள் மலையாளத்திலிருந்து வாங்கி உத்காடனம் என்பார்கள். வாங்கியது வார்த்தையை மட்டும் அல்ல, வியாதியையும் சேர்த்துத்தான். குடிநீர்த் தொட்டிக்கு உத்காடனம் நடந்தது. பிறகு அந்தத் தொட்டிக்கு மூடி போட்டார்கள். மூடிக்குத் தனியாக நடந்தது.

கிராம சேவா சமிதியின் சட்டதிட்டத்தில் இதற்கென்று ஒரு விதியே உண்டு. சமிதிக்கு வந்த எந்தச் சாதனமும் விளக்கேற்றி, ரிப்பன் வெட்டி, 'உத்காடனம் செய்ததாக அறிவிக்கிறேன்' என்று தகுந்த ஒருவர் மைக்கில் சொல்லும்வரை உபயோகிக்கப்படலாகாது. இதை எழுதியவர் வெங்கிடேஸ்வரன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே பல வருஷம் சமிதியின் காரியதரிசியாக இருந்தவர். 'படலாகாது' என்ற சொல்லுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த விதி ஒருமுறை நன்றாகச் சோதிக்கப்பட்டது. மேல்வரிசை சுப்பராமன், இறந்தவர்களை வைக்கும் குளிர்பெட்டி ஒன்றைச் சமிதிக்கு நன்கொடையாகக் கொடுத்தார். பெட்டி ஹாலில் ரிப்பன் கட்டி நின்றது. உத்காடனத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் சுப்பராமன் செத்துப்போனார். மகன் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். பெட்டியைத் தரமுடியாது என்று வெங்கிடேஸ்வரன் துக்கம் கலந்த குரலில் உறுதியாகச் சொல்லிவிட்டார். காய்கறியைக்கூட மூன்று தரம் அலம்புகிற அந்தக் குடும்பம், மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வரவழைத்தது. அடுத்த வாரம் விழாவில் நன்கொடையாளருக்கு மௌன அஞ்சலி செலுத்திவிட்டு, காலிப் பெட்டிக்கு ரிப்பன் வெட்டினார்கள். விழா வெகு விமரிசை.

இப்படிப்பட்டவருக்குத்தான் இதயம் கைவிட்டது.

இரண்டு படி ஏறினால் மூச்சு முட்டியது. கால் வீங்கி, செருப்பு போடமுடியாமல் போயிற்று. கொச்சியில் பார்த்த டாக்டர், இதயத்தின் இடது கீழறை தளர்ந்துவிட்டது, மாற்று இதயத்துக்குக் காத்திருக்க அவகாசம் இல்லை என்று சொல்லி, ஒரு பம்பை உள்ளே வைத்துத் தைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற பம்பு. அதிலிருந்து ஒரு கேபிள் வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வந்து, இடுப்பில் கட்டிய சின்னப் பெட்டியில் முடியும். அந்தப் பெட்டிக்குத் தோளில் மாட்டிய இரண்டு பேட்டரி. வீட்டில் இருக்கும்போது பேட்டரிக்குப் பதில் சுவர் பிளக். பேட்டரி அல்லது பிளக். மூன்றாவது வழி கிடையாது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வெங்கிடேஸ்வரன் டாக்டரிடம், "முதல்ல ஸ்விட்ச் போடறச்சே சின்னதா ஏதாவது உண்டோ?" என்று கேட்டார். டாக்டர் மயக்க மருந்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "ஒண்ணும் தெரியாது, நீங்க தூங்கிண்டிருப்பேள்" என்றார். தன் இதயம் யாரும் விளக்கேற்றாமல் ஓட ஆரம்பித்த விஷயம் வெங்கிடேஸ்வரனுக்குக் கொஞ்சநாள் உறுத்தியது.

வீட்டுக்கு அனுப்புமுன் ஸ்ரீஜா என்ற நர்ஸ் அவருக்கும் மனைவி பர்வதத்துக்கும் பாடம் எடுத்தாள். "மஞ்சள் லைட் எரிஞ்சு சத்தம் வந்தா கால் மணி நேரம் இருக்குன்னு அர்த்தம். சிவப்பு எரிஞ்சா பேச்சே கிடையாது. உடனே பிளக்." பர்வதம் இதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். வெங்கிடேஸ்வரன், பாடம் எடுத்ததற்கு ஒரு சின்ன நன்றியுரை நிகழ்த்தினார்.

ரத்தத்தை அந்தப் பம்பு விட்டுவிட்டுத் தள்ளாமல் ஒரே சீராகத் தள்ளுவதால் கையில் நாடி பேசாது. ஊருக்கு வந்த முதல் வாரம் தெருவே வரிசையில் நின்று அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தது. சமிதித் தலைவர் கல்யாணகிருஷ்ணன் பார்த்துவிட்டு, "இதென்ன அதிசயம், நம்ம கமிட்டியில பாதிப்பேர் நாடி இல்லாம இருபது வருஷமா இருக்கா" என்றார். குழந்தைகள் மார்பில் காது வைத்து, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுவதுபோல் கேட்கிறது என்றார்கள். அப்புறம் எல்லோருக்கும் அலுத்துப்போயிற்று. வெங்கிடேஸ்வரனுக்குத்தான் ஒரு விஷயம் அலுக்கவில்லை. கோபம் வந்தாலும் வருத்தம் வந்தாலும் அந்தப் பம்பின் வேகம் மாறுவதில்லை. அவமானம்கூட அதற்கு எட்டாது. அவர் என்ன பாடு பட்டாலும் அது பாட்டுக்கு ஓடும்.

செம்பகபுரத்தில் கரண்ட் அப்படி ஓடாது. மழை வந்தால் போகும். மழை வரும்போல் இருந்தாலே போகும். எனவே சமிதி கூடி, வெங்கிடேஸ்வரனின் இதயத்துக்காக ஒரு ஜெனரேட்டர் வாங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஜெனரேட்டர் வந்தது. ஹால் வாசலில் பந்தல் போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி நிறுத்தினார்கள். சாவியைப் புதிய காரியதரிசி கிச்சா பூணூலில் முடிந்துகொண்டான். கிச்சா, வெங்கிடேஸ்வரனிடம் தொழில் பழகியவன்.

உத்காடகராக, ஏதோ ஒரு வாரியத்தின் முன்னாள் தலைவர் வருவதாக ஏற்பாடு. அவருக்குத் தேதி கிடைக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரம் போயிற்று. அதற்குள் மூன்று முறை கரண்ட் போய், மூன்று முறையும், வீட்டு இன்வெர்ட்டர் தீர்ந்ததும், பர்வதம் ஜன்னல் வழியாக அந்த ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டே பேட்டரி மாற்றினாள்.

"கேட்டேளா, அது யாருக்காக்கும் வாங்கினது?"

"எனக்குத்தான்."

"பின்னே?"

"பர்வதம், உனக்கு விதி தெரியாது."

"தெரியும். நான் சாதம் வடிச்சுண்டு இருக்கறச்சே நீங்க உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதினதுதானே."

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கென்று தேதி கிடைத்தது. சனிக்கிழமை மத்தியானம் அடித்த காற்றில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமரம் கம்பிமேல் சாய்ந்து, ஊர் முழுக்க இருண்டது. வீட்டு இன்வெர்ட்டர் விடியுமுன் கண்ணை மூடியது. சார்ஜரில் இருந்த பேட்டரிகள் பாதிகூட ஏறவில்லை. இருந்ததற்குள் கொஞ்சம் தெம்பான ஜோடியை அவர் தோளில் மாட்டிவிட்டு, பர்வதம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"ஒலவக்கோட்டுல அத்தங்கா ஆத்துல கரண்ட் இருக்காம். ஆட்டோ பிடிச்சுண்டு போயிடலாம்."

"பத்து மணிக்கு உத்காடனம். பத்தேகாலுக்கு ஜெனரேட்டர் ஓடும். வாங்கினதே எனக்காக. நானே அங்கே இல்லைன்னா ஜனங்க என்ன நெனைப்பா?"

"இருக்கேளேன்னு நெனைக்கட்டும்."

அவர் ஜரிகை வேஷ்டி கட்டிக்கொண்டார். பர்வதம் சுவர் பிளக் வயரைச் சுருட்டி, காய்கறி வாங்கும் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

ஹாலில் நல்ல கூட்டம். கரண்ட் இல்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட இது மேல் என்று தெருவே வந்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை. மைக் மட்டும் வேலை செய்தது. நல்லேப்பிள்ளியிலிருந்து வந்த மைக்செட் நாச்சிமுத்து, மேடைக்கு ஓரமாக லாரி பேட்டரி ஒன்றையும் சின்ன இன்வெர்ட்டர் பெட்டி ஒன்றையும் வைத்து, அதன் ஒரே துளையில் மைக்கின் பிளக்கைச் சொருகியிருந்தார். பர்வதம் அதற்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தற்செயலாக அல்ல.

உத்காடகர் வரவில்லை. பத்தரைக்குப் போன் செய்தார்கள். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பால் பரிசோதனைக் கூடத்துக்கு ரிப்பன் வெட்டிக்கொண்டிருப்பதாகவும், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவதாகவும் சொன்னார். பதினொன்றுக்கும் பத்து நிமிஷம் என்றார். நிகழ்ச்சி நிரலில் பின்னால் இருந்த ஆசம்ஸா உரைகளை, அதாவது வாழ்த்துரைகளை, கிச்சா முன்னுக்குக் கொண்டுவந்தான். வாழ்த்த ஆறு பேர் பட்டியலில் இருந்தார்கள். மூன்று பேர் கூட்டத்திலிருந்து தாங்களாகவே சேர்ந்துகொண்டார்கள்.

பிறகு தலைவர் கல்யாணகிருஷ்ணன் எழுந்தார்.

"எல்லாரும் எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கறா. மூணு வாரமா இந்த ஜெனரேட்டர் வெறுதே நிக்கறதேன்னு. வெறுதே நிக்கலை. மரியாதையா நிக்கறது. சாதனம் ஓடணும், அதுதான் முக்கியம்னு நெனைக்கறவா மெஷின் கடையில போய் உக்காரட்டும். சமிதிக்கு முக்கியம், அதை யார் ஓட வெச்சாங்கறது."

கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர் வெங்கிடேஸ்வரன்.

"வெங்கிடுவுக்கு ஹிருதயம் நிக்கப்போறதுன்னு சேதி வந்தப்போ நாங்க யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடலை. பதறாம கமிட்டியைக் கூட்டினோம். கோரம் இல்லை, ஆள் சேரலை. மறுபடியும் கூட்டினோம். அப்பவும் இல்லை. மூணாவது தடவை கூடி, அவர் பூரண குணம் அடையணும்னு தீர்மானம் போட்டோம். அதுக்குள்ள அவர் குணமாகி வந்துட்டார். தீர்மானத்தோட சக்தியைப் பாருங்கோ!"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கீச், கீச் என்று விட்டுவிட்டு.

"நாச்சிமுத்து, மைக் கத்தறது," என்றான் கிச்சா.

"எம்பட மைக்கு கத்தாதுங்க சாமி. அது அவரு இடுப்புலருந்து வருதுங்க."

வெங்கிடேஸ்வரனின் இடுப்புப் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கால் மணி நேரம். பர்வதம் துணிப்பையோடு மேடை ஏறினாள். பெண்கள் மேடை ஏறுவது நிரலில் கடைசியில், கோலப்போட்டிப் பரிசுக்குத்தான் இருந்தது. கிச்சா பதறிப்போனான்.

"கிச்சா, சாவியைக் குடு."

"மாமி, உத்காடகர் வந்துண்டே இருக்கார். கொடும்பு தாண்டியாச்சாம்."

"இவருக்குக் கால் மணிதான் இருக்கு. ஜெனரேட்டரைப் போடு."

கிச்சா தலைவரைப் பார்த்தான். தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, நின்றபடியே கமிட்டியைக் கூட்டினார். விழா மேடையில் அவசரக் கூட்டம் செல்லுமா என்று ஒருவர் கேட்டார். உத்காடனம் வேறு, சோதனை ஓட்டம் வேறு, சோதனை ஓட்டம் என்று பெயர் வைத்து இப்போது ஓட்டிவிடலாமே என்றார் இன்னொருவர். நல்ல யோசனைதான். ஆனால் கிச்சா சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான்.

"குளிர்பெட்டி சமயத்துல சுப்பராம மாமா ஆத்துக்காரா இதைத்தான் கேட்டா. சோதனை ஓட்டத்துக்கு வெச்சுக்கறோம்னு. முடியாதுன்னு வெங்கிட மாமாதான்…"

எல்லோரும் வெங்கிடேஸ்வரனைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு ஒரு நியாயம் இன்னிக்கு ஒரு நியாயம்னு இருக்கப்படாது," என்றார் வெங்கிடேஸ்வரன். இடுப்பு கீச்சிட்டது. "விதி எல்லாருக்கும் ஒண்ணு."

"சுப்பராமன் அன்னிக்குச் செத்துப்போயிருந்தார், நீங்க இன்னும் சாகலை. அந்த வித்தியாசமாவது தெரியறதா?" என்றாள் பர்வதம். "சரி, ஜெனரேட்டர் வேண்டாம். அந்த மைக் பிளக்கைப் பிடுங்கறேன்."

மேடையில் இதற்குத்தான் உண்மையான அதிர்ச்சி எழுந்தது.

"மைக் இல்லாம யோகம் எப்படி நடத்தறது?" என்றார் தலைவர். யோகம் என்றால் அங்கே கூட்டம்.

"அதுல கை வெக்காதீங்கம்மா," என்று நாச்சிமுத்து இன்வெர்ட்டர் பெட்டிக்குமேல் கவிழ்ந்துகொண்டார். "இருவது வருசமா மைக்குச்செட்டு ஓட்டறனுங்க. பேச்சு நடக்கறப்ப எம்பட மைக்கு நின்னுதுன்னு ஒருத்தன் சொன்னதில்லீங்க. சாமியாருங்க பேசினப்பக்கூட நிறுத்துனதில்லீங்க."

அப்போது கிச்சாவுக்கு ஞானம் பிறந்தது. உத்காடகர் வராதபட்சத்தில், மூத்த முன்னாள் காரியதரிசி உத்காடனம் செய்யலாம் என்று துணைவிதி இருக்கிறது. அதையும் வெங்கிடேஸ்வரன்தான் எழுதியிருந்தார், தான் முன்னாள் ஆகப்போகிற வருஷத்தில்.

"மாமா, நீங்களே பண்ணிடுங்கோ. ஒரே வாக்கியம். 'உத்காடனம் செய்ததாக அறிவிக்கிறேன்.' நான் உடனே ரிப்பனை வெட்டி சாவியைப் போட்டுடறேன். மாமி, ரெண்டு நிமிஷம்."

பர்வதம் கணவரின் முகத்தைப் பார்த்தாள். "ஒரே வாக்கியம். கேட்டேளா?"

"ஒரே வாக்கியம்," என்றார் அவர். அந்தக் கணத்தில் அதை அவர் உண்மையாகவே சொன்னார். கிச்சா கத்திரிக்கோலோடு வாசலுக்கு ஓடினான்.

வெங்கிடேஸ்வரன் மைக் முன் வந்து நின்றார். மைக்கின் கழுத்தைப் பிடித்துத் தன் உயரத்துக்குத் திருகினார். ஒரு விரலால் தட்டினார். அந்த 'டொக்' ஹாலின் நாலு மூலைக்கும் போய்த் திரும்பி வந்தது. காரியதரிசிப் பதவியை விட்டபின் அவர் மைக்கைத் தொடவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"பெருமதிப்பிற்குரிய அத்யக்ஷன் அவர்களே, வந்துகொண்டிருக்கிற உத்காடகர் அவர்களே, முன்னாள் அத்யக்ஷர்களே, ஸ்வாகத உரை நிகழ்த்திய என் சிஷ்யன் கிச்சா அவர்களே…"

"அறிவிச்சுடுங்கோ!" என்றாள் பர்வதம்.

"…மகளிர் அணியினரே, இளைஞர் அணியினரே, பந்தல் போட்டவர்களே, பந்தலுக்குக் கீழே நிற்பவர்களே. இந்த ஜெனரேட்டரைப் பற்றிப் பேசுமுன், நம் தெருவுக்கு முதன்முதலாக மின்சாரம் வந்த கதையைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் என்னை மன்னிக்காது…"

வாசலில் கிச்சா ரிப்பனுக்கு இந்தப்பக்கம் ஒரு அலகு, அந்தப்பக்கம் ஒரு அலகாகக் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு, 'அறிவிக்கிறேன்' என்ற சொல்லுக்குக் காத்து நின்றான். சொல் வராமல் வெட்டமுடியாது. வெங்கிடேஸ்வரனுக்கும் தெரிந்துதான் இருந்தது. நிறுத்த வேண்டும் என்று உள்ளே ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் உள்ளே இருப்பவரிடம் மைக் இல்லை.

"…அன்று தெருக்கோடியில் நட்ட முதல் கம்பத்துக்கு உத்காடனம் செய்தவர் யார் தெரியுமா?"

கீச் கீச் என்றிருந்தது நின்று, ஒரே நீளமான ஊளையாக மாறியது. பெட்டியில் சிவப்பு. வெங்கிடேஸ்வரனுக்குக் கண் இருட்டியது. கம்பத்துக்கு உத்காடனம் செய்தவர் பெயர் தொண்டை வரை வந்து அங்கேயே நின்றது. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சரியும்போதும் மைக்கை விடவில்லை.

பர்வதம் யாரையும் கேட்கவில்லை. நாச்சிமுத்துவின் தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். அவர் ஜமக்காளத்தில் உருண்டார். மைக் பிளக்கைப் பிடுங்கி வீசினாள். துணிப்பையிலிருந்து வயரை எடுத்து அந்தத் துளையில் சொருகினாள். மறுமுனையைக் கணவரின் இடுப்புப் பெட்டியில், ஸ்ரீஜா சொல்லிக்கொடுத்தபடி, ஒன்றன்பின் ஒன்றாக மாட்டித் திருகினாள்.

ஊளை நின்றது. பச்சை எரிந்தது. ஹாலில் இப்போது மிக்சி ஓடுகிற மாதிரியான அந்த மெல்லிய சத்தம் மட்டும்தான். கொஞ்சநேரம் கழித்து வெங்கிடேஸ்வரன் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. சரித்திரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொண்டிருந்தார்.

"கேக்கலை!" என்று நாலாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கேக்கலையோன்னோ, மதி. மிண்டாம இரு," என்றது அதற்கடுத்த வரிசை. மதி என்றால் அங்கே போதும், மிண்டாமல் என்றால் பேசாமல்.

உத்காடகர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். கீழே கிடந்தவரைப் பார்த்துக் கும்பிட்டார். பிரார்த்தனை நடக்கிறது என்று நினைத்தார்போல. நேரே மைக்குக்குப் போய்த் தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார். பிறகு கிச்சாவைப் பார்த்தார். கிச்சா நாச்சிமுத்துவைப் பார்த்தான். நாச்சிமுத்து, அந்த ஒரே துளையில் சொருகியிருந்த வயரைப் பார்த்தார். அந்த வயர் போய்ச் சேர்ந்த இடத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

விருந்தினர் மைக் இல்லாமல் நிற்கிறார். சமிதியின் சரித்திரத்தில் நடக்காதது. வெங்கிடேஸ்வரனின் வலதுகை மெதுவாக நகர்ந்து, தன் பிளக்கைப் பிடித்தது.

"என்ன பண்றேள்?"

"அவருக்கு மைக்… ஒரு நிமிஷம்தான்…"

பர்வதம் அவர் கைமேல் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு பிளக்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

உத்காடகர் தொண்டையைக் கனைத்து வெறுங்குரலில் பேசிப் பார்த்தார். பின்வரிசை தங்களுக்குள் பேச ஆரம்பித்தது. இரண்டே வாக்கியத்தில் அறிவித்து, ரிப்பனை வெட்டிவிட்டு, அடுத்த ஊர் உத்காடனத்துக்கு நேரமாகிவிட்டதென்று காரில் ஏறினார். செம்பகபுரத்தின் மிகச் சுருக்கமான விழா அதுதான். கிச்சா சாவியைத் திருப்பினான். ஜெனரேட்டர் ஒரே முயற்சியில் புகை கக்கி ஓட ஆரம்பித்தது. வாசலிலிருந்து உள்ளே வயர் இழுத்தார்கள்.

அதில் முதலில் மைக்கைச் சொருகினார்கள்.

நன்றியுரை பாக்கி இருந்தது. கிச்சா உத்காடகருக்கு நன்றி சொன்னான், அவரை வழியனுப்பிய செக்போஸ்ட்டுக்கு நன்றி சொன்னான், வாழ்த்தியவர்களுக்குப் பெயர் பெயராகச் சொன்னான். பந்தலுக்கு, நாற்காலிக்கு, சுண்டலுக்கு, அடி வாங்கியும் பேட்டரி தந்து உதவிய நாச்சிமுத்துவுக்குச் சொன்னான். உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்த வெங்கிடேஸ்வரன், ஒவ்வொரு பெயருக்கும் அடுத்தது தன்னுடையது என்று முதுகை நிமிர்த்தினார். "எல்லாருக்கும் நன்றி, வணக்கம்," என்று கிச்சா முடித்துவிட்டான்.

"என் பேரை விட்டுட்டான், பர்வதம்."

"உசிரோட இருக்கேளோன்னோ. அது மதி."

"எனக்காக வாங்கின ஜெனரேட்டர். அதை உத்காடனம் பண்ணினதும் பாதி நான்தான். நன்றியில என் பேர் இல்லை!"

முகம் சிவந்தது. குரல் நடுங்கியது. உள்ளே பம்பு அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையைத் தூக்கி, ஆட்சேபம் தெரிவிக்க எழுந்து, மைக்கை நோக்கி ஓரடி வைத்தார். வயர் இழுத்தது. அது அதற்குமேல் நீளாது. பர்வதம் பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவர் வேஷ்டியைப் பற்றிக் கீழே உட்காரவைத்தாள்.